சோறிட்ட கையும் சொந்தமும்

தாயும் தந்தையும் இல்லாத ஒரு குழந்தைக்கு நாம் உணவளிக்கிறோம்; உடை கொடுக்கிறோம்; உறங்குவதற்கு ஓர் இடமும் தருகிறோம். இவ்வளவும் செய்துவிட்ட பின், அக்குழந்தையை நம்முடையதாக ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? சோறிட்டதனாலேயே சொந்தம் உண்டாகிவிடுமா? உண்டாகாதெனில், சொந்தம் என்பது எதனால் உண்டாகிறது? இக்கேள்விகளை நம் வீடுகளிலேயே நின்று கேட்டுப் பார்த்தால், நம்மில் பலர் மறுமொழி சொல்லத் தயங்குவோம்.

இதனை ஆராய்வதற்கு ஆங்கில நாவல் ஒன்றைத் துணையாகக் கொள்வோம். 1847-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டன் நகரில் "ஜேன் அயர்" என்னும் நாவல் வெளிவந்தது. நூலின் மீது ஆசிரியர் பெயர் கரர் பெல் என்றிருந்தது. அது புனைபெயர். உண்மையில் அதை எழுதியவர் ஷார்லட் பிராண்டி என்னும் பெண்மணி. யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்னும் ஊரின் பாதிரியாருடைய மகள். ஐந்து வயதில் தாயை இழந்தவர். 1824-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சகோதரிகள் மூவரும் கோவன் பிரிட்ஜ் என்னுமிடத்தில் பாதிரிமார்களின் பெண்மக்களுக்கென நடந்த பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே நோயுற்ற அக்காள்மார் இருவர், மேரியாவும் எலிசபெத்தும், 1825-இல் வீடு திரும்பி அடுத்தடுத்து இறந்தனர். ஒருத்திக்கு வயது 11, மற்றொருத்திக்கு 10. தருமத்தின் பெயரால் நடக்கும் நிலையங்களில் குழந்தைகள் எவ்வாறு வாடுகின்றனர் என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை.

சோற்றுக்கு வட்டி

கதையின் நாயகி ஜேன், பிறந்து சில காலத்திற்குள்ளேயே பெற்றோரை இழந்தவள். அவளுடைய தந்தை ஓர் ஏழைப் பாதிரியார். பெரிய ஆலைத்தொழில் நகரம் ஒன்றில் ஏழை மக்களை வீடு வீடாகச் சென்று பார்த்து வந்தபோது டைபஸ் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. அவரிடமிருந்து அது அவருடைய மனைவியையும் பற்றியது. ஒரு மாத காலத்திற்குள் இருவரும் மாண்டனர். குழந்தையைத் தாய்மாமனான ரீட் என்பவர் கேட்ஸ்ஹெட் என்னும் தம் மாளிகைக்கு எடுத்து வந்தார். அவரும் விரைவில் இறந்தார். இறக்கும் தறுவாயில், இக்குழந்தையை நம் பிள்ளைகளில் ஒன்றாக வளர்க்க வேண்டும் என்று மனைவியிடம் வாக்குப் பெற்றார்.

அத்தை அந்த வாக்கைச் சோற்றளவில் காப்பாற்றினாள். ஜேன் பட்டினி கிடக்கவில்லை; தெருவில் நிற்கவில்லை. ஆயினும் அடுப்பைச் சுற்றி மற்றப் பிள்ளைகள் தாயுடன் கூடியிருக்கும்போது அவள் விலக்கி வைக்கப்பட்டாள். பதினான்கு வயதுப் பையனான ஜான் ரீட், பத்து வயதுப் பெண்ணான அவளை அடிப்பான்; உனக்குப் பணமில்லை, நீ பிச்சையெடுக்க வேண்டியவள், எங்கள் வீட்டில் எங்களோடு உண்பது தகாது என்பான். வீட்டு வேலைக்காரி ஒருத்தி இதற்கும் ஒரு படி மேலே சென்றாள். வேலைக்காரியாவது உழைத்து உண்கிறாள். நீ உழையாமல் உண்பதால் வேலைக்காரியினும் கீழானவள் என்று அக்குழந்தைக்கே எடுத்துரைத்தாள். ஒரு நாள் ஜேன் திருப்பி அடித்தாள். அவளை மாமன் உயிர் நீத்த சிவப்பு அறையில் அடைத்துப் பூட்டினர்.

நூற்பாலையில் நாம் வேலை செய்த ஆண்டுகளில், பெற்றோரற்ற இளைஞன் ஒருவனைக் கண்டிருக்கிறோம். அவனை வளர்த்து ஆலையில் சேர்த்துவிட்டவர் அவனுடைய தாய்மாமன். அவனை அடித்ததுமில்லை, பட்டினி போட்டதுமில்லை. ஆனால் சம்பள நாள்தோறும் ஆலை வாயிலில், எல்லோரும் கேட்க, வளர்த்த கதையைச் சொல்லுவார். இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டை அவ்விளைஞன் "மாமா வீடு" என்றே சொல்லுவான். "எங்கள் வீடு" என்று அவன் சொல்ல நாம் ஒரு முறையும் கேட்டதில்லை. அச்சொல்லை அவன் வாயிலிருந்து பறித்தது வறுமையன்று. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட உபகாரமே.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். செய்ந்நன்றி மறத்தல் பெருங்குற்றம் அன்றோ? சோறிட்டவர் சற்றுக் கடுஞ்சொல் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாகாதா? இவ்வெதிர்ப்பு புதிதன்று. நாவல் வெளிவந்த மறு ஆண்டே, 1848 டிசம்பரில், எலிசபெத் ரிக்பி என்னும் எழுத்தாளர் "குவார்ட்டர்லி ரெவ்யூ" இதழில் இதையே எழுப்பினார். ஜேன் செருக்குடையவள், ஆதலால் நன்றி கெட்டவள், அநாதையாகிய தன்னை உண்பித்து உடுப்பித்துக் கல்வி தந்தவர்களுக்கு அவள் நன்றி கூறவே இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இதற்கு விடை கூறுவோம். நன்றி என்பது பெற்றவன் உள்ளத்தில் தானாக ஊறுவது. கொடுத்தவன் கணக்கெழுதி வசூலிப்பது அன்று. கணக்கெழுதிக் கொடுப்பது கொடை ஆகாது, அது கடன். கடன் என்றே வைத்துக்கொள்வோம். அக்குழந்தை உண்ட ஒவ்வொரு கவளத்திற்கும் அவமானமாக வட்டி வாங்கியாயிற்று. அடியாக, வசவாக, பூட்டிய அறையின் இருளாக வாங்கியாயிற்று. இவ்வளவு வட்டி வாங்கியவர் மீண்டும் நன்றி என்னும் அசலையும் கேட்பது என்ன நீதி? ஜேன் நன்றியற்றவள் அல்லள் என்பதற்கும் நாவலிலேயே சான்றுண்டு. அதட்டினாலும் சில வேளை அன்பு காட்டிய வேலைக்காரி பெஸ்ஸியை அவள் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. லோவுட் பள்ளியில் தனக்காகப் பரிந்து பேசிய ஆசிரியை டெம்பிளையும் மறக்கவில்லை. உண்மையான அன்பு கிடைத்த இடத்தில் நன்றி கேளாமலே பிறந்தது.

அநாதையும் சாதியும்

நம் வாசகர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இந்நாவலில் உண்டு. சிவப்பு அறையில் மயங்கி விழுந்த குழந்தையைப் பார்க்க வந்த லாயிட் என்னும் மருத்துவர், உனக்கு ஏழை உறவினர் யாரேனும் இருந்து அன்பாகவும் இருந்தால், அவர்களிடம் செல்வாயா என்று கேட்கிறார். குழந்தை மாட்டேன் என்கிறது. ஊரில் குடிசை வாயில்களில் துணி துவைத்துக்கொண்டும் பிள்ளைகளுக்குப் பாலூட்டிக்கொண்டும் இருக்கும் பெண்களை அவள் நினைத்துப் பார்க்கிறாள். விடுதலை கிடைக்கும் என்றாலும் அதற்காகச் சாதியை விலையாகக் கொடுக்கும் துணிவு தனக்கில்லை என்று எண்ணுகிறாள். அவ்விடத்தில் ஷார்லட் பிராண்டி எழுதியிருக்கும் ஆங்கிலச் சொல் "காஸ்ட்" என்பதே. போர்ச்சுகீசியர் வாய்ச் சொல்லாய்ப் புறப்பட்டு, இந்நாட்டு மக்களைப் பற்றிப் பேசுகையில் ஐரோப்பியர் பழகிக்கொண்ட அதே சொல்லை, இங்கிலாந்தின் ஓர் அநாதைக் குழந்தையின் நெஞ்சில் அவர் வைத்துவிட்டார்.

எவ்வளவு கூர்மையான உண்மை! அடிபடுகிறவளே, தனக்குக் கீழே ஒரு படி உண்டென்று நம்பி, அப்படியில் இறங்க அஞ்சுகிறாள். மேலிருப்பவர் தன்னைத் தள்ளுகின்றனர் என்று அழுகிறவளுக்கு, கீழிருப்பவர் அன்போடு அழைத்தாலும் போக மனமில்லை. இழிவுபடுத்தப்பட்டவரின் நெஞ்சிலும் படிகளைக் கட்டி வைப்பதுதான் இவ்வகை ஏற்பாட்டின் கொடிய திறமை. ஆகவே ஜேன் தேடும் சொந்தம் முதலில் பிழையான இடத்திலேயே தேடப்படுகிறது. உயர்ந்தவர் வீட்டு அடுப்போரத்தில் ஓர் இடம் வேண்டுமென்பதே அவள் ஏக்கம். அவ்வேக்கம் எங்ஙனம் மாறுகிறது என்பதே இந்நாவலின் உள்ளுறை என்று நாம் கருதுகிறோம்.

மாற்றம் லோவுட்டில் தொடங்குகிறது. அது தருமப் பள்ளி. நிர்வாகியான பிராக்கல்ஹர்ஸ்ட், உடலை வருத்தினால் ஆன்மா உயரும் என்று பிறர் பிள்ளைகளுக்குப் போதிப்பவர். தம் வீட்டுப் பெண்களோ பட்டும் மென்மயிரும் அணிந்து பள்ளியைப் பார்வையிட வருவர். கரிந்துபோன கஞ்சியை உண்ண முடியாத சிறுமிகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்த ஆசிரியையை அவர் கண்டிக்கிறார். ஜேனை முக்காலியின் மேல் ஏற்றி, இவள் பொய்யள், இவளோடு எவரும் பழகாதீர் என்று அறிவிக்கிறார். அவ்வேளையில் ஹெலன் பர்ன்ஸ் என்னும் மாணவி அவ்வழியே நடந்து செல்கிறாள். கடந்து செல்லும்போது ஜேனை நோக்கி ஒரு புன்னகை செய்கிறாள். அவ்வளவே. ஆனால் விலக்கி வைக்கப்பட்ட ஒருத்திக்கு அப்புன்னகை கேட்ஸ்ஹெட்டில் பத்தாண்டு உண்ட சோற்றினும் பெரிதாயிற்று. பின்னர் ஹெலன் காசநோயால் இறக்கும் இரவில், ஜேன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்குகிறாள். இரு சிறுமிகளிடமும் ஒருவர்க்கொருவர் கொடுக்கப் பொருள் ஏதுமில்லை. அங்கே முதன்முதலாகச் சொந்தம் பிறந்தது.

கொடுக்க இயலும் உரிமை

எட்டாண்டு லோவுட்டில் கழித்தபின், ஆண்டுக்கு 30 பவுன் சம்பளத்தில் தார்ன்பீல்டு மாளிகையில் வீட்டு ஆசிரியையாகச் சேருகிறாள் ஜேன். அங்கே அவள் கற்பிக்கும் சிறுமி அடேலும் ஏறத்தாழ அநாதையே. தாய் கைவிட்டுச் சென்றாள். மாளிகைத் தலைவரான ராச்செஸ்டர் அவளைத் தம் மகளென ஏற்கவில்லை. அவளது பிறப்பின் கதையை ஜேனிடம் கூறி, இனி இவளுக்குக் கற்பிக்க உனக்கு விருப்பமிராதே என்கிறார் அவர். ஜேன் சொல்லும் மறுமொழியின் கருத்து யாதெனில், தாயின் குற்றத்திற்கோ உம் குற்றத்திற்கோ இக்குழந்தை பொறுப்பன்று; இவளுக்கு யாருமில்லை என்று அறிந்தபின் முன்னிலும் நெருக்கமாக இவளைப் பற்றிக்கொள்வேன் என்பதே. பிறப்பைக் கேட்டு விலகுவது உலக வழக்கு. பிறப்பைக் கேட்டபின் நெருங்குவது அறம்.

ராச்செஸ்டர் ஜேனை விரும்புகிறார், மணக்க முற்படுகிறார். பட்டும் அணிகலனும் வாங்கிக் குவிக்கிறார். ஜேனுக்கோ மகிழ்ச்சிக்குப் பதிலாகக் கூச்சம் மிகுகிறது. வாங்குவதொன்றே வாழ்வாகிவிட்டால் மீண்டும் கேட்ஸ்ஹெட்டுதானே! தனக்கென்று சிறிதேனும் பொருள் வேண்டுமென்று, மதீராத் தீவிலிருக்கும் தன் சிற்றப்பனுக்குக் கடிதம் எழுதுகிறாள். பிறகு, ராச்செஸ்டருக்கு உயிரோடு ஒரு மனைவி உண்டென்னும் உண்மை மணமேடையில் வெளிப்படுகிறது. மணமின்றி உடனிரு என்று அவர் கெஞ்சுகிறார். உனக்குத் தீங்கு நேர்ந்தால் கேட்பதற்கு யார் உளர் என்னும் எண்ணமும் அவள் உள்ளத்தில் எழுகிறது. எவருமில்லை, ஆயினும் என்னை நான் மதிப்பேன் என்று தனக்குத்தானே விடை கூறிக்கொண்டு, விடியுமுன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அநாதை என்னும் சொல்லுக்கு நாதன் இல்லாதவர் என்று பொருள். தன்னைத்தான் காக்கும் துணிவு வந்த அன்றே அவள் அச்சொல்லின் எல்லையைக் கடந்துவிட்டாள் என்போம்.

துணிவுக்கு உடனே விலை கேட்கிறது உலகம். கையிலிருந்த 20 ஷில்லிங் வண்டிக் கூலிக்குப் போயிற்று. மூட்டையை வண்டியிலேயே மறந்துவிட்டாள். கைக்குட்டையையும் கையுறையையும் தருகிறேன், ஒரு ரொட்டி தருவீர்களா என்று கேட்டாள், கிடைக்கவில்லை. பன்றிக்கு ஊற்றவிருந்த ஆறிய கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கி உண்டாள். முன்பு குடிசை மக்களைக் கண்டு அஞ்சியவள் குடிசைக்கும் கீழான நிலையைக் கண்டாள். இறுதியில் ரிவர்ஸ் என்னும் குடும்பத்தார் அவளை ஏற்றனர். அங்கே அவள் உழவர் வீட்டுப் பெண்குழந்தைகளுக்கு ஆசிரியையாகிறாள். மாணவிகள் 20 பேர். அவர்களுள் படிக்கத் தெரிந்தவர் மூவரே. முதல் நாள் மாலை, தன் நிலை தாழ்ந்துவிட்டதாக அவள் மனம் குமைகிறது. உடனே அம்மனத்தை அவளே திருத்துகிறாள். இக்கரட்டு உடைக்குள் இருக்கும் இரத்தமும் தசையும் உயர்குடியாரின் இரத்தத்திற்கும் தசைக்கும் குறைந்தவை அல்ல என்று நினைவூட்டிக்கொள்கிறாள். பத்து வயதில் ஏற முடியாதிருந்த அறிவின் படி இது.

பின்னர் மதீராச் சிற்றப்பன் இறந்து, இங்கிலாந்து நாணயத்தில் 20,000 பவுன் அவளுக்கு வந்து சேருகிறது. தன்னை ஏற்றுக்கொண்ட ரிவர்ஸ் உடன்பிறப்பினர் மூவரும் தன் தந்தையின் உடன்பிறந்தாளுடைய மக்களே என்பதையும் அப்போதே அறிகிறாள். செல்வச் செய்தி கேட்டபோது வராத மகிழ்ச்சி உறவுச் செய்தி கேட்டபோது பொங்குகிறது. செல்வத்தை நான்காகப் பிரித்து, ஆளுக்கு 5,000 பவுன் என்று வைக்கிறாள். சட்டம் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆண்டுக்கு 30 பவுன் வாங்கியவள் 15,000 பவுனை எடுத்துக் கொடுக்கிறாள். இதைத் தியாகம் என்று பாராட்டினால் அவளைப் புரிந்துகொள்ளாதவர் ஆவோம். வாழ்நாளெல்லாம் வாங்கும் கையாகவே இருந்தவளுக்குக் கொடுக்கும் கையாக ஆகும் நாள் வந்தது. சொந்தம் என்பது இருவழிப் பாதை. ஒருவர் கொடுத்துக்கொண்டும் மற்றவர் வாங்கிக்கொண்டும் மட்டுமே இருக்கும் வீட்டில் எசமானரும் ஆதரவு பெற்றவரும் இருக்கலாம். உறவினர் இருக்க முடியாது.

மறுக்கும் உரிமை

மற்றொரு சோதனையும் உண்டு. ரிவர்ஸ் குடும்பத்து மூத்தவரான செயின்ட் ஜான் இந்தியாவுக்குச் சமயத் தொண்டராகப் புறப்படுகிறார். ஜேனுக்கு இந்துஸ்தானி மொழியும் கற்பிக்கிறார். தம்மை மணந்து உடன்வர வேண்டும் என்கிறார். அன்பினால் அன்று, தொண்டுக்குத் துணை வேண்டுமென்பதால். தங்கையாக வருகிறேன், மனைவியாக வாரேன் என்கிறாள் ஜேன். அவரோ அதைக் கடவுள் கட்டளைக்கே மறுப்பு என்று அச்சுறுத்துகிறார். உயிர் காத்தவர் அவர், உறவினர், ஒழுக்கத்தில் குறையில்லாதவர். அவருக்கும் மறுப்புச் சொல்ல முடிந்ததே அவள் அங்கு விருந்தாளியல்லள், உரியவள் என்பதற்கு அடையாளம். மறுத்தால் தட்டு பறிபோகும் என்னும் அச்சம் எங்கே இருக்கிறதோ, அங்கே சொந்தம் இல்லை. போதகர்களாகிய நாமும் இவ்விடத்தைப் படித்துத் திருந்துதல் வேண்டும். நற்காரியத்தின் பெயரால் ஆதரவற்றோரைப் பயன்படுத்துவது எளிது. அதனாலேயே அது ஆபத்தானது.

இவ்வளவு போற்றியபின் இந்நாவலின் குறையையும் மறைத்தல் ஆகாது. தார்ன்பீல்டின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் பூட்டப்பட்டிருக்கிறாள். அவளே ராச்செஸ்டரின் மனைவி பெர்த்தா மேசன், ஜமெய்க்காவில் பிறந்தவள், 30,000 பவுன் சீதனத்தோடு மணமுடிக்கப்பட்டவள். சித்தம் கலங்கினாள் என்று அடைத்து வைக்கப்பட்டாள். அவளும் பிறந்த நாட்டை இழந்தவள், அவளுக்கும் கேட்பாரில்லை. அவளைப் பற்றி ராச்செஸ்டர் வெறுப்போடு பேசும்போது, நோய் அவள் குற்றமன்றே என்று ஜேன் ஒரு சொல் கூறுகிறாள். அதற்குமேல் நாவல் அவள் பக்கம் நிற்கவில்லை. அவள் வீட்டுக்குத் தீயிட்டு மாண்டபின்னரே, பார்வையும் ஒரு கையும் இழந்த ராச்செஸ்டரை ஜேன் மணக்க வழி பிறக்கிறது. டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் என்னும் எழுத்தாளர், 1966-இல் வெளியிட்ட "வைட் சர்காசோ சீ" என்னும் நாவலில், வாய் திறக்காத அப்பெண்ணுக்கு வாய் கொடுத்தார். ஒருத்திக்கு அடுப்போரத்தில் இடம் கிடைத்தபோது மற்றொருத்தி மாடியில் பூட்டப்பட்டிருந்தாள் என்பதை நாம் மறத்தலாகாது. சிவப்பு அறையில் பூட்டப்பட்ட குழந்தையின் கண்ணீரை அறிந்த வாசகரே, மாடியறையின் பூட்டைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டவர்.

ஆயினும் ஜேன் தன் அளவில் ஒன்றை நிறைவேற்றினாள். மணத்திற்குப்பின் அடேலைப் பார்க்க அவள் பயிலும் பள்ளிக்குச் செல்கிறாள். குழந்தை வெளிறி மெலிந்திருப்பதைக் காண்கிறாள். அப்பள்ளி மிகக் கடுமையானதென்று கண்டு, அன்பு மிகுந்த வேறு பள்ளிக்கு, தான் அடிக்கடி சென்று பார்க்கக்கூடிய தொலைவுக்கு மாற்றுகிறாள். சில வரிகளில் முடிந்துவிடும் செய்தி இது. ஆனால் லோவுட் என்னும் கொடுமை தன்னோடு முடிய வேண்டும், அடுத்த குழந்தைக்கு அது போய்ச் சேரலாகாது என்பதைச் செயலால் காட்டியது அதுவே. நானும் பட்டேன், நீயும் படு என்று அவள் சொல்லவில்லை.

அன்பர்களே! இங்கிலாந்து நாட்டில் மகவேற்புக்கென ஒரு சட்டம் 1926-ஆம் ஆண்டில்தான் உண்டாயிற்று. ஜேன் போன்ற குழந்தைகள் அதற்கு முன் ஒருவருடைய மனக்கனிவை நம்பியே வாழ்ந்தனர். சட்டம் பெயர் தரும், பங்கு தரும், அது நன்றே. ஆனால் "எங்கள் வீடு" என்னும் சொல்லைச் சட்டம் ஒருவர் வாயில் வைக்க இயலாது. அதை வைக்க வல்லவர் அவ்வீட்டில் வாழ்வோரே. நம் வீட்டில் அண்ணன் மகனோ, தங்கை மகளோ, வேறு எவர் பெற்ற பிள்ளையோ வளர்ந்தால், மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்போம். அப்பிள்ளை நமக்கு மறுப்புச் சொல்ல முடிகிறதா? அப்பிள்ளை நமக்கு ஏதேனும் கொடுக்க நாம் இடம் தந்திருக்கிறோமா? அப்பிள்ளைக்கு இடங்கொடுத்த பெருமையில் வேறு எவரையேனும் வெளியே பூட்டியிருக்கிறோமா?

விடைகள் நேராக இருந்தால் அங்கே சொந்தம் பிறந்துவிட்டது. கோணலாக இருந்தால், இன்றே திருத்திக்கொள்வோம். அப்பிள்ளை வளர்ந்து வாசலைத் தாண்டிச் செல்வதற்கு முன்பே திருத்திக்கொள்வோம்.